ஆறு ரவுண்டு வரிசையா தோல்வி: பையனை நிறுத்தணுமா, ஆட விடணுமா?

அண்ணாநகர் போர்டு:

வணக்கம். சாயங்காலச் செஸ் பயிற்சிக்கு வர்ற 15 வயசுப் பையன் ஒருத்தனுக்காகக் கேக்கறேன். ஸ்டாண்டர்டு ரேட்டிங் (நீண்ட ஆட்டத்துல திறமையை அளக்கற எண்) 1640. மே மாசத்துல அடுத்தடுத்து ரெண்டு ஓபன் போட்டி. ரெண்டுமே 9 ரவுண்டு, 90 நிமிஷம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். முதல் 12 ஆட்டத்துல ரேட்டிங்குக்கு ஏத்த புள்ளி எடுத்துட்டான். கடைசி ஆறும் போச்சு. அதுல முதல் ரெண்டு 1740 பக்கம் உள்ளவங்ககிட்ட. அடுத்த நாலும் 1490 சுத்தி இருக்கற சின்னப் பசங்ககிட்ட.

அவங்க அப்பா மூணு கேள்வி கேக்கறார். எவ்வளவு ரேட்டிங் போகும்? சிசிலியன விட்டுட்டு வேற ஓபனிங் (ஆட்டத்தைத் தொடங்கற நகர்த்தல் வரிசை) பிடிக்கலாமா? ஜூன் கடைசியில திண்டுக்கல்ல இருக்கற போட்டிக்கு அனுப்பலாமா, இல்ல கொஞ்ச நாள் போர்டையே மூடி வைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக் கணக்கு:

முதல்ல ரேட்டிங் கணக்க முடிச்சிருவோம். அது புரியாமதான் வீட்ல பயம் கூடுது.

18 வயசு ஆகற வருஷம் முடியற வரைக்கும், ரேட்டிங் 2300-க்குக் கீழ இருந்தா கே மதிப்பு (ஒரு ஆட்டம் ரேட்டிங்க எவ்வளவு வேகமா நகர்த்தும்கற எண்) 40. அதே ரேட்டிங்ல பல வருஷமா ஆடற பெரியவங்களுக்கு 20. உங்க பையன் தன்னைவிட 150 குறைவான ஆள்கிட்ட ஆட்டத்துக்கு 0.70 புள்ளி எடுக்கணும்னு அட்டவணை எதிர்பார்க்குது. தோத்தா 0.70 × 40, அதாவது 28 போகும். நாலு பேருக்கு 112. தன்னைவிட 100 கூடுதலான ஆள்கிட்ட எதிர்பார்ப்பு 0.36, தோத்தா 14.4, ரெண்டு பேருக்கு 28.8. மொத்தம் 140.8. இதே ஆறு தோல்வி கே 20 உள்ள ஒரு பேங்க் ஊழியருக்கு வந்திருந்தா 70 தான் போயிருக்கும். பையன் ரெண்டு மடங்கு மோசமா ஆடிட்டான்னு அர்த்தமில்ல. அவன் தராசுல முள்ளு வேகமா ஆடும், அவ்வளவுதான்.

அடுத்து, வரிசைத் தோல்வி எவ்வளவு சகஜம்னும் பாருங்க. சமபலமுள்ள ஆளுங்களோட ஆடறோம், நூத்துக்கு 45 தோல்வி வருதுன்னு வைங்க. 0.45-ஐ அஞ்சு தடவை பெருக்கினா 0.018. வரிசை தொடங்கறதுக்கு முந்தின ஆட்டம் தோல்வியா இருக்கக் கூடாது, அதுக்காக 0.55-ஆலயும் பெருக்கினா 0.010. அந்தக் கணக்குல சராசரியா 98 ஆட்டத்துக்கு ஒரு முறை அஞ்சு தோல்வி வரிசையா வரும். ஆறுன்னா 220 ஆட்டத்துக்கு ஒரு முறை. வருஷத்துக்கு 80, 100 ஆட்டம் ஆடற பையனுக்கு இது ரெண்டு, மூணு வருஷத்துல ஒரு தடவை எந்தக் காரணமும் இல்லாமலே வரும்.

திருமங்கலம் நடுவர்:

ஒரு திருத்தம். இரண்டு போட்டியும் ஒரே மாதப் பட்டியலில் சேர்ந்தால் ஆட்டங்கள் மொத்தம் 18. கே மதிப்பை ஆட்ட எண்ணிக்கையால் பெருக்கினால் 700-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. 40 × 18 என்றால் 720. ஆகவே அந்த மாதத்துக்கு மட்டும் கே 38 ஆகக் குறையும். ஆறு ஆட்டங்களின் எதிர்பார்ப்பைக் கூட்டினால் 3.52. 3.52 × 38 = 133.76. முதல் 12 ஆட்டம் சமனாக இருந்தால் ஜூன் 1 பட்டியலில் 1506 வரும்.

இன்னொன்றும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். மாதத்தின் நடுவில் ரேட்டிங் மாறாது. மே மாத ஆட்டம் முழுவதும் 1640 என்ற எண்ணை வைத்தே கணக்கிடப்படும். அதனால் சரிவு தொடங்கிய அதே மாதத்தில் மூன்றாவது போட்டிக்கும் ஓடினால், 1490 உள்ள ஒருவரிடம் தோற்பதும் 0.70 எதிர்பார்ப்பை வைத்தே கணக்கிடப்படும், 700 வரம்பால் கே இன்னும் குறைவதால் வென்றாலும் பெரிதாக ஏறாது. பட்டியல் மாறிய பிறகு 1506 ஆக இருக்கும்போது அதே ஆளிடம் தோற்றால் போவது 20.8, வென்றால் வருவது 19.2. அப்போது 1740 உள்ளவரிடம் தோற்றால் 8.4 தான் போகும், வென்றால் 31.6 வரும். 1-ஆம் தேதி வரை காத்திருப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வைகைக் கணக்கு:

நடுவர் சார் சொன்னது சரி. 700 வரம்ப விட்டுட்டேன். 134-னு திருத்தி வாசிச்சுக்கோங்க.

தெப்பக்குளம் யானை:

கணக்குத் தம்பி சொன்னதுல பாதிதான் இந்தப் பையனுக்குப் பொருந்தும். சமபலத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆனா கடைசி நாலு பேரும் 150 குறைவானவங்க. அவங்ககிட்ட தோக்கற வாய்ப்ப அஞ்சுல ஒண்ணுன்னு எடுத்தா நாலும் வரிசையா போறது 0.0016. ஆயிரத்துல ரெண்டுகூட இல்ல. அதனால ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கணும். ஒண்ணு அந்தப் பசங்க நிஜத்துல 1490 இல்ல. இல்ல நம்ம பையன் அந்த நாலு ஆட்டத்துல 1640 மாதிரி ஆடல.

முதல்ல எதிராளிகளப் பாருங்க. ஃபிடே தளத்துல ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் மாதவாரி வரைபடமும் ஆட்ட விவரமும் இருக்கு. கடைசி மூணு போட்டியில அந்தப் பையன் யார் யாரை ஜெயிச்சிருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சுடும். ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) ரேட்டிங் 1700, ஸ்டாண்டர்டு 1490-னு இருந்தா, ஸ்டாண்டர்டு இன்னும் பின்னால ஓடி வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நம்ம ஊர் ஓபன் போட்டிகள்ல ஏழாவது, எட்டாவது ரவுண்டுல கீழ் போர்டுகள்ல உக்காந்திருக்கற பத்து வயசுப் பசங்கள்ல இது ரொம்ப அதிகம்.

2024 மார்ச்ல நடந்த மாத்தத்தையும் மறக்காதீங்க. 2000-க்குக் கீழ இருந்த எல்லாருக்கும், 2000-க்கு எவ்வளவு குறையுதோ அதுல 0.4 பங்கு கூட்டிக் குடுத்தாங்க. கீழ் வரம்பு 1000-லருந்து 1400-க்குப் போச்சு. அன்னிக்கு 1400 இருந்தவர் 1640 ஆனார், 1150 இருந்தவர் 1490 ஆனார். 250 புள்ளி இடைவெளி ஒரே நாள்ல 150 ஆச்சு. 1400-க்கும் 1600-க்கும் நடுவுல பல தரத்து ஆளுங்க நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க. அதனால எதிர்ல இருக்கற பையனோட எண்ணைப் பாத்து ‘லேசான ஆளு’னு நினைச்சு உக்காந்தா முதல் பத்து நகர்த்தல்லயே தப்பு வரும்.

அப்புறம் ஆறு ஸ்கோர் ஷீட்டையும் (நகர்த்தல் எழுதற தாள்) எடுங்க. எஞ்சின் (செஸ் கணிக்கற கம்ப்யூட்டர் நிரல்) வேண்டாம். முதல் தடவை பையனே போர்டுல காய் வச்சு ஆடட்டும். எந்த நகர்த்தல்ல ஆட்டம் கைய விட்டுப் போச்சுன்னு அவனே பென்சில்ல வட்டம் போடட்டும். அதுக்கப்புறம் எஞ்சின் வச்சு சரிபாருங்க. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்துல நகர்த்தல் எண், அப்ப கடிகாரத்துல மிச்சம் இருந்த நேரம், தப்போட ஜாதி: எதிராளி மிரட்டலைப் பாக்கலையா, கணக்குப் போட்டது தப்பா, ஓபனிங் தெரியலையா, எண்ட்கேம் (சில காய்களே மிச்சம் இருக்கற கடைசிக் கட்டம்) தெரியலையா. இது இல்லாம ‘ஃபார்ம் போச்சு’னு பேசறதுல பிரயோஜனம் இல்ல.

கோரிப்பாளையம் குதிரை:

யானை அண்ணே, இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? சிசிலியன் கத்தி மேல நடக்கற ஓபனிங். சரிவுல இருக்கறப்ப காரோ கான் மாதிரி கெட்டியான ஒண்ணுக்கு மாறிட்டா பையன் மூச்சு விடுவான். தினமும் ஆன்லைன்ல 3 நிமிஷ பிளிட்ஸ் 30 ஆட்டம் ஆடினா ஒரு வாரத்துல கை பழகிடும். ஆட்டத்துல விட்டதை ஆட்டத்துலதான் பிடிக்கணும்.

தெப்பக்குளம் யானை:

தம்பி, காரோ கான் நல்ல ஓபனிங்தான். ஆனா சரிவு நடுவுல மாத்தறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். புது ஓபனிங்ல வர்ற சிப்பாய் அமைப்பு கண்ணுக்குப் பழக 30, 40 ஆட்டமாவது வேணும். அதுவரைக்கும் பன்னெண்டாவது நகர்த்தல்லயே யோசிக்க ஆரம்பிப்பான், நேரம் இன்னும் போகும். அதுக்கப்புறம் தோத்தா ஓபனிங்னாலயா பழைய நோயாலயான்னு கண்டுபிடிக்கவே முடியாது. எந்த வரிசையில அடி வாங்கினானோ அந்த ஒரு கிளையை மட்டும் ரிப்பேர் பண்ணணும்.

பிளிட்ஸ் பத்தி கண்டிப்பாவே சொல்றேன். 3 நிமிஷ ஆட்டத்துல எதிராளி நகர்த்தினதுமே கை போகணும். அந்தக் கை 90 நிமிஷ ஆட்டத்துலயும் அப்படியே போகும். ராத்திரி ரெண்டு தோத்தா மூணாவது ‘மீட்கற’ ஆட்டம், அப்புறம் நாலாவது, மணி 12.30. மறுநாள் பள்ளிக்கூடம். சரிவுல இருக்கறவனுக்கு ஆன்லைன் வேணும்னா 15 நிமிஷம், 10 விநாடி கூடுதல், நாளைக்கு ரெண்டு ஆட்டம். ரெண்டும் தோத்தா அன்னிக்கு அவ்வளவுதான், ஃபோன் அம்மா கையில. கொஞ்ச நாள் விட்டுட்டு மறுபடி ஆன்லைன் போனா முதல் சில ஆட்டத்துல எண் பெருசா ஏறி இறங்கும். அந்தத் தளங்கள் பயன்படுத்தற கிளிக்கோ முறையில இடைவெளி விட்டவங்களோட எண்ணை அவ்வளவா நம்பாது, அதான் காரணம். அதப் பாத்தும் பதற வேண்டாம்.

மேலூர் அம்மா:

நான் ஆட்டம் பத்திப் பேசல, ஹாலுக்கு வெளியில நடக்கறதைப் பத்திச் சொல்றேன். அண்ணாநகர் சார், இதை அவங்க அப்பாகிட்ட காட்டுங்க.

பையன் வாசல்ல வந்ததும் ‘என்னாச்சு’னு கேக்கக்கூடாது. முகத்துலயே தெரியும். தண்ணி பாட்டில நீட்டுங்க, நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க, பத்து நிமிஷம் எதுவும் பேசாதீங்க. ‘அந்தச் சின்னப் பயகிட்டயா தோத்த’ங்கற ஒரு வார்த்தை அடுத்த ரெண்டு ரவுண்டுக்கு அவன் தலைக்குள்ள ஓடும். ரவுண்டுகளுக்கு நடுவுல ஃபோன்ல எஞ்சின் போட்டுக் காட்டவே கூடாது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்த விட்டுட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டு அடுத்த போர்டுல போய் உக்காரறது பெரிய பாரம்.

சாப்பாடும் முக்கியம்ங்க. மே மாசத்து மதுரை வெயில்ல, மண்டபத்துல ஃபேன் காத்து மட்டும்தான். மத்தியானம் பிரியாணி வாங்கிக் குடுத்து 2.30 ரவுண்டுக்கு அனுப்பினா நாலு மணிக்குக் கண்ணு சொக்கும். தயிர் சாதம் கொஞ்சமா, இல்ல ரெண்டு இட்லி. உள்ள போறப்ப உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில், கடலை மிட்டாய் ரெண்டு. ஜிகர்தண்டா சாயங்காலம் எல்லா ரவுண்டும் முடிஞ்சப்புறம். காலையில 9.30 ரவுண்டுன்னா 9 மணிக்கே ஹாலுக்குள்ள இருக்கற மாதிரி பஸ் பிடிங்க. மாட்டுத்தாவணியில இறங்கி ஆட்டோ தேடி ஓடி வந்து, கடிகாரம் ஓடிக்கிட்டு இருக்கற போர்டுல உக்காந்தா முதல் தப்பு அங்கேயே தொடங்கிடுது.

வைகைக் கணக்கு:

அக்கா சொன்னதுல ஒரு எழுத்தக்கூட மாத்த வேண்டாம்.

பையனுக்குக் காட்ட ஒரு உதாரணமும் இருக்கு. 2024 டொரண்டோ பெண்கள் கேண்டிடேட்ஸ்ல (உலகப் பட்டத்துக்கு மோதப் போறவங்களைத் தேர்ந்தெடுக்கற போட்டி) வைஷாலி ஆறாவது ரவுண்டுலருந்து ஒன்பதாவது வரைக்கும் நாலு ஆட்டம் வரிசையா தோத்தாங்க. பத்துலருந்து பதினாலு வரைக்கும் அஞ்சும் ஜெயிச்சு 7.5 புள்ளியோட ரெண்டாவது இடத்தப் பகிர்ந்துக்கிட்டாங்க. அதே ஊர்ல ஓபன் பிரிவுல குகேஷ் ஏழாவது ரவுண்டுல நேர நெருக்கடியில அலிரெசா ஃபிரூஜாகிட்ட தோத்தார். மறுநாள் ஓய்வு நாள். அதுக்கப்புறம் ஒரு ஆட்டம்கூட விடாம 9 புள்ளியோட முதல் இடம். ஆனந்த் 2013-ல சென்னையில கார்ல்சன்கிட்ட அஞ்சாவது, ஆறாவது ஆட்டங்கள வரிசையா இழந்து பட்டத்தையே இழந்தார். 2014 மார்ச்ல கேண்டிடேட்ஸ்ல ஒரு தோல்வியும் இல்லாம ஜெயிச்சு வந்தார்.

தெப்பக்குளம் யானை:

இந்த உதாரணங்கள பையன் தானா படிக்கட்டும். ‘வைஷாலியப் பாரு’னு பெரியவங்க சொன்னா அது திட்டு மாதிரிதான் காதுல விழும். அவங்களுக்கெல்லாம் பக்கத்துல பயிற்சியாளர் குழு இருக்கு. உலகப் பட்டப் போட்டிக்கு குகேஷ் மனநலப் பயிற்சிக்கு, இந்தியக் கிரிக்கெட் அணியோட வேலை பாத்த பேடி அப்டனையே வச்சிருந்தார். நம்ம பையனுக்கு ஒரு வாத்தியாரும் ஒரு டிபன் பாக்ஸும்தான்.

அண்ணாநகர் போர்டு:

எல்லாருக்கும் நன்றி. யானை அண்ணன் சொன்னபடி நேத்து மூணு மணி நேரம் உக்காந்தோம். வட்டம் போட்டது அவனேதான்.

முதல் ஆட்டம், 1740: யானை எண்ட்கேம், ஒரு சிப்பாய் குறைவு, டிரா ஆக வேண்டிய இடம், 52-வது நகர்த்தல்ல போச்சு. ரெண்டாவது, 1740: 27-ல குதிரை ஃபோர்க் (ஒரே காய் ரெண்டு காயைத் தாக்கறது), மிச்சம் 9 நிமிஷம். மூணாவது: 31-ல கடைசி வரிசை மேட், மிச்சம் 4 நிமிஷம். நாலாவது: 33-ல ராணி போச்சு, நேரம் குறிக்கல. அஞ்சாவது: 22-ல பிஷப் சும்மா போச்சு, மிச்சம் 41 நிமிஷம். ஆறாவது: 19-ல சிப்பாய் எடுக்கப் போய் ராணி மாட்டிக்கிச்சு, மிச்சம் 58 நிமிஷம்.

ரெண்டாவது, மூணாவது ஆட்டத்துல 15 நகர்த்தல் முடிஞ்சப்ப கடிகாரத்துல 44, 39 நிமிஷம்தான் இருந்திருக்கு.

தெப்பக்குளம் யானை:

அருமை. இப்ப பாருங்க, ‘ஆறு தோல்வி’னு ஒரே பேர்ல கூப்பிட்டது மூணு வேற வேற சங்கதி.

முதல் ஆட்டம் படிப்புக் குறை. ஒரு சிப்பாய் குறைவா இருக்கற யானை எண்ட்கேம்ல நம்ம ராஜா எதிராளி சிப்பாய்க்கு முன்னால நின்னா பிலிடோர் நிலை போதும். எதிராளி பக்கத்துலருந்து எண்ணினா ஆறாவது வரிசையில நம்ம யானையை நிறுத்தி, அவன் ராஜா முன்னால வராம தடுக்கணும். சிப்பாய் அந்த ஆறாவது வரிசைக்கு ஏறின உடனே நம்ம யானை எதிராளியோட கடைசி வரிசைக்கே போய், அவன் ராஜாவுக்குப் பின்னாலருந்து செக் குடுத்துக்கிட்டே இருக்கணும். சிப்பாயே முன்னால வந்துட்டதால ராஜாவுக்கு ஒளிய இடம் கிடையாது. ரெண்டு சாயங்காலத்துல கைக்கு வந்துடும்.

ரெண்டு, மூணு, நாலு கடிகார நோய். நாலாவது தாள்ல நேரம் இல்லைன்னாலும் கையெழுத்தப் பாருங்க. 24, 25-லருந்து எழுத்து கோணி, கட்டத்தோட எண் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா அங்கேயே நெருக்கடி தொடங்கிடுச்சு. 90 நிமிஷ ஆட்டத்துல 15-வது நகர்த்தல் முடியறப்ப 65 நிமிஷமாவது இருக்கணும். கூடுதல் விநாடியால ஏழரை நிமிஷம் சேர்ந்திருக்கும், அதையும் சேத்துத்தான் சொல்றேன். 30-ல 35 நிமிஷம். 40-ல 15. இந்த மூணு எண்ணையும் பையன் மனப்பாடம் பண்ணட்டும்.

கடைசி வரிசை மேட்ட அவனுக்கு இப்படி போர்டுல வச்சுக் காட்டுங்க. வெள்ளை ராஜா ஜி1, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, ஹெச்2, யானை ஏ1. கருப்பு ராஜா ஜி8, கருப்பு யானை டி8, கருப்பு சிப்பாய் ஏ7. வெள்ளை யானை ஆசைப்பட்டு ஏ7 சிப்பாயை எடுத்தா கருப்பு யானை டி1-ல வந்து மேட். முன்னாடியே ஹெச்3 ஒரு நகர்த்தல் போட்டிருந்தா ராஜா ஹெச்2-க்கு நழுவியிருக்கும். ஒரு எச்சரிக்கை: சூடு கண்டவன் எல்லா ஆட்டத்துலயும் பத்தாவது நகர்த்தல்லயே ஹெச்3 போட ஆரம்பிப்பான். ரெண்டு பக்க யானைக்கும் திறந்த பாதை கிடைச்சப்புறம் போட்டா போதும்.

அஞ்சும் ஆறும் வேற. 41 நிமிஷம் கையில வச்சுக்கிட்டு பிஷப்ப விட்டிருக்கான். இது அவசரம், ‘சீக்கிரம் முடிஞ்சா சரி’ங்கற மனசு. சரிவுன்னு நான் சொல்றது இந்த ரெண்டு ஆட்டத்தைத்தான். இதுக்கு மருந்து கையில இருக்கு: எதிராளி நகர்த்தினதும் ரெண்டு கையும் தொடைக்குக் கீழ. அவன் கடைசியா நகர்த்தின காய் எதைத் தாக்குதுன்னு பாத்து, அவனுக்கு என்ன செக் இருக்கு, எதை வெட்டலாம்னு எண்ணி, தான் நகர்த்தப் போற காய் விட்டுட்டுப் போற கட்டத்த யார் பிடிப்பாங்கன்னும் பாத்துட்டு அப்புறம் கை வெளிய வரட்டும். இருபது விநாடி வேலை. முதல் வாரம் தினம் 20 நிமிஷம் லேசான ரெண்டு நகர்த்தல் மேட் புதிர்கள், வேகம் பாக்காம, பத்துக்கு ஒன்பது சரியா வர்ற தரத்துல. கஷ்டமான புதிர் குடுத்து இன்னொரு தோல்வியச் சேக்காதீங்க.

திருமங்கலம் நடுவர்:

நேரம் குறிப்பது பற்றி. ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தலோடு கடிகார நேரத்தையும் எழுத விதி அனுமதிக்கிறது. ஆனால் முதலில் நகர்த்த வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். நகர்த்தலை முன்கூட்டியே எழுதுவது தவறு. ‘கவனமாக ஆடு’ போன்ற குறிப்புகளையும் அதில் எழுதக் கூடாது. அந்த மூன்று எண்களையும் பையன் மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நகர்த்தலுக்கு ஒரு முறை நேரம் குறித்தால் போதுமானது. 30 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி வரை நகர்த்தலை எழுதியே ஆக வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

அண்ணாநகர் போர்டு:

அப்ப திண்டுக்கல்?

கோரிப்பாளையம் குதிரை:

ரேட்டிங் 1506 ஆச்சுன்னா 1600-க்குக் கீழ் பிரிவு போட்டியிலயும் ஆடலாமே சார், பரிசும் கிடைக்கும்.

தெப்பக்குளம் யானை:

பரிசு கிடைக்கலாம் தம்பி. ஆனா அங்க எதிர்ல வர்றவங்க முழுக்க அந்த 1490 பசங்கதான், தோத்தா ஆட்டத்துக்கு 20 போகும். ஓபன்ல 1740 ஆள்கிட்ட தோத்தா 8 தான் போகும், கத்துக்கறதும் அங்கதான். திண்டுக்கல் ஓபன்னா அனுப்புங்க, நடுவுல இன்னும் மூணு வாரம் இருக்கு. முதல் வாரம் புதிரும் பிலிடோரும். அடுத்த ரெண்டு வாரமும் வாரத்துக்கு ரெண்டு பயிற்சி ஆட்டம், நிஜக் கடிகாரம், ஸ்கோர் ஷீட், நேரக் குறிப்பு. 15-வது நகர்த்தல்ல 65 நிமிஷம் வர்றதுதான் அங்க குறி, ஜெயிச்சானா தோத்தானான்னு எழுத வேண்டாம். நாலு பயிற்சி ஆட்டத்துல மூணுலயாவது அந்த எண் வரலைன்னா திண்டுக்கல்ல விட்டுடுங்க, அடுத்ததுக்குப் போகலாம்.

மேலூர் அம்மா:

போட்டி நடுவுல ரெண்டு வரிசையா தோத்துட்டா ஒரு ரவுண்டு ஓய்வு எடுக்க முடியுமா நடுவர் சார்?

திருமங்கலம் நடுவர்:

அரைப் புள்ளி பை (ஒரு ரவுண்டு ஆடாமலே அரைப் புள்ளி பெறுவது) உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு போட்டியின் அறிக்கையிலும் இருக்கும். கடைசி ரவுண்டுகளில் பெரும்பாலும் தர மாட்டார்கள். எதுவானாலும் அடுத்த ரவுண்டு பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) போடுவதற்கு முன் தலைமை நடுவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேரிங் வந்த பிறகு வராமல் இருந்தால் முழுப் புள்ளியும் எதிராளிக்குப் போகும். இரண்டு விதத்திலும் ஆடாத ஆட்டம் ரேட்டிங் கணக்கில் சேராது.

அண்ணாநகர் போர்டு:

சரி சார். பயிற்சி ஆட்டத்துக்கு 1700 பக்கம் உள்ள ஆள் ஒருத்தர் வேணும். யாராவது ஞாயித்துக்கிழமை வர முடியுமா? ஆட்டம் நாலு மணி நேரம்கூட போகலாம்.

கோரிப்பாளையம் குதிரை:

என் ரேட்டிங் 1712. காலையில 9 மணிக்கு வரேன் சார், கடிகாரம் நானே கொண்டு வரேன். பையன்கிட்ட சிசிலியனே ஆடச் சொல்லுங்க.